கராத்தேவா, சிலம்பமா, பாக்ஸிங்கா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ஒரு மொட்டை மாடியில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். சின்ன வயதில் காரிமங்கலம் பக்கம் சிலம்பம், காலேஜில் கராத்தே, அப்புறம் ஓசூரில் கம்பெனி வேலை பார்த்த வருஷங்களில் பாக்ஸிங். எதிலும் பெரிய ஆள் கிடையாது, மாநிலப் போட்டியில் இரண்டாவது சுற்றைத் தாண்டியதே இல்லை. ஆனால் மூன்று இடத்திலும் நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். போனில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணா, எல்லாத்துலயும் எது பெஸ்ட்?

வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேர முடிகிற எதுவோ அதுதான் பெஸ்ட். சிரிக்காதீர்கள். பாலக்கோட்டிலிருந்து வாரம் மூன்று நாள் ஓசூருக்குப் போய் முவே தாய், அதாவது தாய்லாந்து குத்துச்சண்டை, கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பிய பையன் ஒரு மாதம் தாங்கவில்லை. அவன் தெருக் கோயில் திடலில் சிலம்பம் பழகிய தங்கச்சி மாவட்டப் போட்டி வரைக்கும் போய்விட்டாள்.

பக்கத்திலேயே இரண்டு மூன்று இடம் இருந்தால் பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள், ஒரு சாயங்காலம் முழுக்கப் போய் உட்கார்ந்து பாருங்கள். நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகுகிறார்களா, மோதினால் எப்படி மோதுகிறார்கள். காற்றில் குத்துவது அழகாக இருக்கும், காற்று திருப்பி அடிக்காது. அதே நேரம் ஒரு மூத்த மாணவன் புதுப் பையனை மூலையில் தள்ளிக் குத்திக்கொண்டே இருக்கிறான், மாஸ்டர் கை கட்டிச் சிரிக்கிறார் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நல்ல இடத்தில் மூத்தவன் வேண்டுமென்றே ஒரு கதவைத் திறந்து வைப்பான். புதுப் பையனின் குத்து அதில் நுழைந்ததும் தலையை ஆட்டி, ‘ம், அதேதான், இன்னொரு தடவை’ என்பான்.

அப்போ ஸ்டைலுக்கு ஸ்டைல் வித்தியாசமே இல்லையா?

நிறைய இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. எந்த விதியில் மோதுகிறோமோ அந்த விதிக்குத்தான் உடம்பு பழகும். டேக்வாண்டோ போட்டியில் முகத்தில் குத்தக் கூடாது, தலைக்கு உதை மட்டும்தான். அதனால் பல வருஷம் ஆடியவர்கள்கூடக் கையைத் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். அது தப்பில்லை, அந்த ஆட்டத்தில் அதற்குத் தேவை கிடையாது. ஆனால் அவரையே பாக்ஸிங் வளையத்தில் ஏற்றினால் முதல் நிமிடமே மூக்கு சிவக்கும். பாக்ஸரை உதைக்கிறவனிடம் விட்டால் முன்காலில் நாலு உதை வாங்கி நொண்டுவார். ஜூடோக்காரரிடம் யாரும் சட்டையைக் கொடுத்துவிடக் கூடாது, பிடித்தார் என்றால் அடுத்து வானம்தான் தெரியும்.

1993-ல் அமெரிக்காவின் டென்வரில் யுஎஃப்சி என்று முதல் போட்டி வைத்தார்கள். பாக்ஸர், சுமோ, கராத்தே, கிக் பாக்ஸிங் எல்லாம் ஒரே கூண்டில். ஜெயித்தவர் பிரேசிலின் ராய்ஸ் கிரேஸி, பார்க்க ஒல்லியான ஆள். எதிராளியைத் தரையில் இழுத்துப்போட்டுக் கழுத்தை நெரிப்பதுதான் அவர் பழகிய ஜியு ஜிட்சு, மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தரையில் என்ன செய்வது என்றே தெரியவில்லை. அவர்கள் பலவீனமானவர்கள் என்பதால் அல்ல, அவர்கள் அதுவரை அந்தக் கேள்வியையே பார்த்ததில்லை. இன்றைக்கு அந்தப் போட்டிக்குப் போகிற எல்லோரும் குத்து, உதை, மல்லுக்கட்டு மூன்றையும் பழகிவிட்டுத்தான் போகிறார்கள்.

கராத்தே வெறும் ஷோ என்கிறார்களே?

ஓடு உடைக்கிற கராத்தேவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆண்டு விழாவில் ஓட்டை அடுக்கி வைத்து உடைப்பது, வயிற்றில் பைக் ஏற்றுவது, இதெல்லாம் கைதட்டலுக்கு. ஆனால் குமிதே, அதாவது மோதல், வேறு விஷயம். உலக கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலைக்கு உதை அல்லது ஆளை வீழ்த்தி அடித்தால் 3. எட்டுப் புள்ளி முன்னிலை வந்தால் ஆட்டம் முடிந்தது. இதில் அடி பலமாக விழக் கூடாது, கட்டுப்பாட்டோடு தொட்டு மீள வேண்டும். அதனால் நல்ல குமிதே ஆட்டக்காரர் கண் இமைக்கும் நேரத்தில் உள்ளே வந்து வெளியே போய்விடுவார். அந்த வேகம் நிஜம். என் பாக்ஸிங் நண்பர்கள் சிரித்துக்கொண்டே ஒரு கராத்தே பெண்ணோடு மோதிப் பார்த்து, ‘இவ எங்க இருந்து வர்றான்னே தெரியல’ என்று தலையைச் சொறிந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவளுடைய பிரச்சினை, தொட்டதும் நின்றுவிடுவாள், நடுவர் கொடியைத் தூக்குவார் என்று காத்திருக்கிற பழக்கம். இரண்டு வாரத்தில் அதைச் சரிசெய்துகொண்டாள்.

கராத்தே 2020 டோக்கியோ ஒலிம்பிக்கில் நுழைந்தது, அந்தப் போட்டியே 2021-ல்தான் நடந்தது, 2024 பாரிஸில் எடுத்துவிட்டார்கள். ஒலிம்பிக் கனவோடு பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம்?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பிள்ளைகள் மேல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம், சான்றிதழுக்கு இன்னொன்று, போட்டோவுக்குத் தனி என்று ஓடுகிற இடங்கள் உண்டு. என்னிடமே ஒருகாலத்தில் அப்படி வாங்கினார்கள், கட்டாவை, அதாவது தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசையை, பாதியில் மறந்து நின்றேன், பாஸ் போட்டார்கள். வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது.

கறுப்புப் பெல்ட்டை முதலில் கொண்டுவந்தவர் ஜூடோவை 1882-ல் தொடங்கிய ஜிகோரோ கானோ. கராத்தேக்காரர்கள் அவரைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள், பச்சை, நீலம் என்ற வண்ண வரிசை அதற்கும் பிறகு வந்தது. ஆக இது காலங்காலமாக வந்த தெய்வ விஷயம் ஒன்றும் இல்லை, படித்த வகுப்பைக் காட்டும் அடையாளம். ஒழுங்காகப் பழகினால் நாலு முதல் ஆறு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வருஷத்தில் தருகிறேன் என்றால் நீங்கள் வாங்குவது துணி.

சிலம்பம் நிஜச் சண்டைக்கு உதவுமா? நம்ம ஊர்க் கலையைத்தானே கத்துக்கணும்?

இரண்டு கேள்வி. முதலாவதுக்கு: கம்பு கையில் இருந்தால் பயங்கரமாக உதவும், ஆனால் யாரும் கம்போடு பஸ் ஏறுவதில்லை. கையில் கம்பு இல்லாதபோது மிஞ்சுவது காலடி. என் ஆசான் முதல் இரண்டு மாதம் கம்பையே தரவில்லை. மண்ணில் கோடு கிழித்து, முன்னே, பின்னே, பக்கவாட்டில், திரும்பி, மறுபடியும். பிள்ளைகளில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள், மீதிப் பேருக்கு ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், எங்கே காலை வைத்தால் அவன் வீச்சு எட்டாது என்பது எலும்பில் ஏறிவிட்டது. பிற்பாடு பாக்ஸிங்கில் கோச் என்னிடம் திருத்தாமல் விட்ட ஒரே விஷயம் கால்தான்.

ஆனால் இப்போது நிறைய இடத்தில் சிலம்பம் என்றால் சுழற்றுவது மட்டும்தான். நூறு பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஒரு மணி நேரம் சுற்ற விட்டு ‘உலக சாதனை’ கேடயம் கொடுக்கிறார்கள். தோளுக்கு நல்ல பயிற்சி, வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிரில் இன்னொருவர் கம்போடு நின்று உங்களைத் தொட முயல்கிற தொடுமுறைச் சண்டை அங்கே உண்டா என்று கேளுங்கள். முதல் தடவை விரல் முட்டியில் கம்பு விழும்போது கண்ணில் பூச்சி பறக்கும், அடுத்த முறை கை தானாக நகரும். கம்பு நெற்றிப் பொட்டு உயரம் இருக்க வேண்டும், வளரும் பிள்ளைக்குப் பெரிதாக வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று யூனிஃபார்ம் மாதிரி யோசிக்காதீர்கள்.

இரண்டாவதுக்கு: அதியமான் ஆண்ட ஊர் என்று பெருமை பேசலாம், தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்களில் வில்லும் வாளுமாக நிற்கிற ஆட்களைப் பார்க்கலாம், ஊர் மாட்டை ஓட்டிப் போனவனிடம் சண்டை போட்டுச் செத்தவர்கள். உடம்பில் அம்பு தைத்தபடியே செதுக்கிய கல் உண்டு. அவன் என்ன ஸ்டைல் பழகினான் என்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை. பிடித்ததைப் பழகுங்கள்.

ஸ்பாரிங் எப்போ தொடங்கலாம்? பயமா இருக்கு.

ஸ்பாரிங், அதாவது ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகுவது, இரண்டு மூன்று மாதம் அடிப்படை பழகிய பிறகு, மெதுவாக. பயம் இருக்கத்தான் செய்யும், எனக்கு இப்போதும் புது ஆளோடு நிற்கும்போது வயிறு கலங்கும்.

முதல் ஸ்பாரிங் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தால் பாதிப் பயம் போகும். மணி அடித்ததும் மூச்சை அடக்கிக்கொள்வீர்கள், அது உங்களுக்கே தெரியாது. கற்றதெல்லாம் மறந்து கை இரண்டும் சுளகு புடைக்கிற மாதிரி ஆடும். நாற்பது விநாடியில் கை இரும்பாகக் கனக்கும். குத்து வரும்போது கண்ணை மூடி முகத்தைத் திருப்புவீர்கள். மூக்கில் லேசாகத் தட்டினாலே கண்ணில் தண்ணீர் கொட்டும். அது அழுகை இல்லை, மூக்கு செய்கிற வேலை, வெட்கப்பட வேண்டாம். மூன்று நிமிடம் என்பது தருமபுரி பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நீளும்.

இதற்கு மருந்து பலம் இல்லை, மூச்சு. குத்தும்போதெல்லாம் ‘ஸ்ஸ்’ என்று விடுங்கள். என் வகுப்பில் முதல் மாதம் ஒருவர் இடது கையால் மட்டும் குத்துவார், இன்னொருவர் தடுப்பார், அவ்வளவுதான், பிறகு மாற்றிக்கொள்வோம். அப்புறம் உடம்பு மட்டும். தலை எல்லாவற்றுக்கும் கடைசி. வேகம் இருக்கலாம், பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. யாராவது ஏற்றினால் ‘மெதுவா’ என்று ஒரு வார்த்தை, அதைச் சொல்ல யாருக்கும் கூச்சம் வேண்டாம். எதிராளி உங்களை விடப் பதினைந்து கிலோ கூட இருந்தால் அவர் பழக்கத்துக்கு வேண்டுமானால் வரட்டும், வீரத்துக்கு வேண்டாம்.

தலையில் அடி பட்டால்?

இதை மட்டும் ஓட்டிப் படிக்காதீர்கள். ஓசூரில் நான் பழகிய ஓர் இடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் முழு பலத்தில் மோத விடுவார்கள். ஒரு நாள் காதுக்கு மேலே ஒன்று வாங்கினேன், விழவில்லை, இரண்டு ரவுண்டு முடித்தேன், எல்லோரும் தட்டிக் கொடுத்தார்கள். பைக்கில் ஊருக்கு வந்தேன். சூளகிரி தாண்டியது எனக்கு நினைவில் இல்லை. வீட்டில் அம்மாவிடம் ‘சாப்பிட்டியாம்மா’ என்று மூன்று தடவை கேட்டிருக்கிறேன், மூன்று தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி. மூளை அதிர்ச்சி என்று மறுநாள் டாக்டர் சொன்னார். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நான் எப்படி ஓட்டி வந்தேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சில்லிடும்.

மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பது தப்பு. தலைவலி, குமட்டல், பார்வை மங்குவது, வெளிச்சம் கூசுவது, தடுமாற்றம், கேட்டதையே கேட்பது, எதுவுமே உற்சாகமில்லாமல் இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ‘அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வர்றேன்’ கிடையாது. தனியாக வண்டி ஓட்டக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, கை கால் தளர்வது, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் உடனே 108-க்கு அடியுங்கள். சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் டாக்டர் சொல்லும் வரை மோதக் கூடாது, ஆறாத மூளை இரண்டாவது அடியைத் தாங்காது.

ஹெட்கார்டு போட்டால் போதுமே என்பார்கள். அது புருவம் கிழிவதையும் வீக்கத்தையும் குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் பாக்ஸிங் ஹெட்கார்டு இல்லாமலேதான் நடந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே தலையில் அடிக்கிற ஸ்பாரிங்கை நான் விடுவதில்லை, எந்த அப்பா வந்து சண்டை போட்டாலும்.

என்னென்ன வாங்கணும்?

முதல் மாதம் ஒன்றும் வேண்டாம். நிலைத்தால் முதலில் வாங்க வேண்டியது பல் காப்பு. மலிவாகக் கிடைக்கும், வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்து உங்கள் பல்லுக்கு அச்சு எடுக்கிற வகை போதும். அட்டையில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேல் வெந்நீரில் விட்டால் சுருண்டு பஜ்ஜி மாதிரி ஆகிவிடும், என் முதல் காப்பு அப்படித்தான் போயிற்று. ஆண்களுக்கு அடிவயிற்றுக் காப்பு கட்டாயம். பாக்ஸிங் என்றால் நாலரை மீட்டர் கைத்துணி, ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கிளவுஸ், அதாவது ஒன்று கிட்டத்தட்ட 450 கிராம். பையில் குத்துகிற கல் மாதிரியான பழைய கிளவுஸோடு இன்னொருவர் முகத்துக்கு வராதீர்கள். வீட்டுக்குப் போனதும் கிளவுஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அந்த நாற்றத்துக்கு எதிராளி தானாகவே ஓடுவார்.

பொண்ணைச் சேர்க்கலாமா? மாஸ்டர் ஆம்பளையா இருக்காரே.

தாராளமாகச் சேருங்கள், ஆனால் முதல் சில வாரம் வகுப்பு முடியும் வரை உட்கார்ந்திருங்கள். ‘பேரன்ட்ஸ் உள்ளே வரக் கூடாது’ என்கிற இடம் வேண்டாம், காரணம் என்ன சொன்னாலும் வேண்டாம். தனியாக ஸ்பெஷல் கிளாஸ், போட்டிக்குத் தனியாக வெளியூர் என்றாலும் அப்படியே. பிள்ளை போக மாட்டேன் என்று திடீரென்று அடம் பிடித்தால் சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

அரசுப் பள்ளியில் படிக்கிற பெண் என்றால் ராணி லட்சுமிபாய் திட்டத்தில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு, பள்ளியில் கேட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் வீராங்கனை ஆகிவிட முடியாது, சத்தம் போட்டுக் கையை உதறிக்கொண்டு ஓடப் பழகலாம், அதுவே நிறைய.

எனக்கு 34 வயசு, ஷிப்ட் வேலை. முடியுமா?

முடியும். நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலையில் மட்டும் ஸ்பாரிங் வேண்டாம், தூக்கமில்லாத கண்ணுக்குக் குத்து தாமதமாகத்தான் தெரியும். வாரம் இரண்டு நாள் போதும். பிபி, சுகர் இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். இருபது வயசுப் பையனுக்கு நாளைக்கே ஆறுகிற சுளுக்கு உங்களுக்கு மூன்று வாரம் இழுக்கும், அது அவமானம் இல்லை. சுளுக்கினால் முதல் நாளே எண்ணெய் போட்டு அழுத்தி உருவ வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம்.

வர்மம் தெரிந்தால் ஒரே தட்டில் ஆளை விழ வைக்கலாமா?

தாடையிலும் கல்லீரலிலும் சரியாகக் குத்து விழுந்தால் யாரும் விழுவார்கள், அது எந்தப் பாக்ஸருக்கும் தெரியும். அசையாமல் நிற்கிற சிஷ்யனைத் தொட்டு விழ வைப்பதை வீடியோவில் பார்த்தீர்கள் என்றால், அசைகிற ஒருவனிடம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ரோட்டில் யாராவது வம்புக்கு வந்தால்?

போய்விடுங்கள். போகவே வழி இல்லாவிட்டால்தான் மற்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றச் சட்டத்தில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்றும் சொல்கின்றன. அவன் கீழே விழுந்த பிறகும் நீங்கள் உதைத்தால் கேஸ் உங்கள் மேல். எதிரில் கத்தி இருந்தால் எந்தக் கலையும் ஓட்டத்துக்கு ஈடு இல்லை.

சான்றிதழ் வேலைக்கு ஆகுமா?

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. ஆனால் எல்லாச் சான்றிதழும் செல்லாது. ‘இன்டர்நேஷனல்’ என்று தங்க எழுத்தில் அச்சடித்துக் கல்யாண மண்டபத்தில் கொடுப்பது பெரும்பாலும் சுவரில் மாட்டத்தான். பணம் கட்டும் முன் மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்கு நேரில் போய், இந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு? புரோட்டீன் பவுடர் வேணுமா?

முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம், நூறு கிராம் நிலக்கடலையில் இருபத்தைந்து. களியும் கொள்ளுக் குழம்பும் சாப்பிடுகிற ஊரில் பவுடர் டப்பாவை முதலில் தேடாதீர்கள். பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் களி வேண்டாம், உருண்டை உள்ளேயே குதிக்கும். போட்டி எடைக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, ஸ்வெட்டர் போட்டு ஓடுவது, இதெல்லாம் சித்திரை வெயிலில் ஆளையே சாய்த்துவிடும்.

ஒரு மாஸ்டரிடம் இருந்துகொண்டே இன்னொரு இடத்துக்குப் போனால் துரோகமா?

சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டுப் போங்கள், ஒளித்துப் போகாதீர்கள். என் சிலம்பம் ஆசானிடம் கராத்தேவுக்குப் போகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன், அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ‘போ, அங்க என்ன சொல்லித் தர்றாங்கன்னு வந்து எனக்கும் காட்டு’ என்றார். முதல் வருஷம் மட்டும் ஒன்றிலேயே இருங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்து நிற்கிற நிலையும் கலந்து கால் பின்னிக்கொள்ளும்.

முதல் நாள் என்ன போட்டுக்கிட்டு வரணும்?

டி-ஷர்ட், டிராக். கை கால் நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள், மோதிரம், கயிறு, செயின், கம்மல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு. மாடி ஏறும்போது செருப்பை மூன்றாவது படியில் விடுங்கள், கீழே விட்டால் வீட்டுக்காரம்மா திட்டுவார்.